2 வயதும் 4 வயதும்: சுவிஸ் பனிமலைக்குக் கூட்டிக்கொண்டு போகலாமா?

கேள்வியை முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கிளிநொச்சியில் இருக்கும் ஒரு தாய் கேட்டிருக்கிறார். சுவிஸில் பேர்ண் நகரத்தில் இருக்கும் அவருடைய அண்ணா பெப்ரவரியில் குடும்பத்தோடு வந்து நிற்கச் சொல்லிக் கூப்பிட்டிருக்கிறார். மகனுக்கு 4 வயது, மகளுக்கு 2 வயது. "யுங்ஃபிராவ்யோக் பனிமலை உச்சிக்கு ரிக்கெற் போடவா" என்று அண்ணா கேட்கிறார். வீட்டில் அம்மம்மாவோ, "அந்தக் குளிருக்குள்ள பச்சைப் பிள்ளைகளைக் கொண்டுபோகாதை, சளி நெஞ்சில கட்டிப்போடும்" என்று ஒரே பிடியாக நிற்கிறார். யார் சொல்வதைக் கேட்பது? வெளிப்பார்வைக்கு இது குளிரைப் பற்றிய கேள்வி. ஆனால் எதற்குப் பயப்பட வேண்டும், எதற்குப் பயப்படத் தேவையில்லை என்பதுதான் நீங்கள் உண்மையில் கேட்பது என்று நினைக்கிறேன். அம்மம்மா குளிருக்குப் பயப்படுகிறார். அண்ணா எதற்கும் பயப்படவில்லை. கவனிக்க வேண்டிய இரண்டு விஷயங்களை இருவருமே சொல்லவில்லை: ஒன்று உயரம், மற்றது பிள்ளை அசையாமல் இருப்பது.

நான் வவுனியாவில் பிறந்து வளர்ந்தவள். சுவிஸில் மலைப்பக்கத்து ஆஸ்பத்திரி ஒன்றில் பிள்ளைகள் பிரிவில் பல வருடம் தாதியாக வேலை செய்துவிட்டு, இப்போது முல்லைத்தீவில் இருக்கிறேன். நான் மருத்துவர் இல்லை, உங்கள் பிள்ளைகளைப் பார்த்ததும் இல்லை. ஆகவே கீழே சொல்வது நல்ல சுகமாக இருக்கும் பிள்ளைகளுக்கு மட்டும். குறைமாதத்தில் பிறந்த பிள்ளை, இருதயத்தில் ஓட்டை என்று கிளினிக் போகும் பிள்ளை, அடிக்கடி முட்டு இழுக்கும் பிள்ளை என்றால் போக முன்னம் உங்கள் பிள்ளை மருத்துவரிடம் கட்டாயம் கதையுங்கள். என் பதில் இதுதான்: பனிக்குக் கூட்டிக்கொண்டு போங்கள், உச்சிக்கு வேண்டாம்.

முதலில் உயரம். யுங்ஃபிராவ்யோக் ரயில் நிலையம் 3454 மீற்றரில் இருக்கிறது. எங்கள் நாட்டின் ஆக உயர்ந்த மலையான பிதுருதலாகல 2524 மீற்றர். அதாவது இலங்கையில் ஏறக்கூடிய கடைசி இடத்திலிருந்து இன்னும் 900 மீற்றருக்கு மேலே போகிறீர்கள். கிளிநொச்சியோ கடல்மட்டத்தோடு ஒட்டிக் கிடக்கிற ஊர். 3454 மீற்றரில் காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் மூன்றில் இரண்டு பங்கு மட்டில்தான் இருக்கும், ஒவ்வொரு மூச்சிலும் கிடைக்கும் ஒட்சிசனும் அதே கணக்கில் குறையும். அதோடு வேகமும் ஒரு பிரச்சினை. 2020 இல் திறந்த ஐகர் எக்ஸ்பிரஸ் கேபிள் காரில் ஏறி, பிறகு சுரங்க ரயிலுக்கு மாறினால், அடிவாரத்து ஊரான கிரின்டெல்வால்டிலிருந்து ஒரு மணித்தியாலத்துக்குள் ஏறக்குறைய 2500 மீற்றர் உயர்ந்துவிடுவீர்கள். பெரியவர்களுக்கே தலை கிறுகிறுக்கும், படி ஏற மூச்சு வாங்கும்.

இதில் எது நிச்சயம் என்றால், உயரத்தில் ஒட்சிசன் குறைவதால் வரும் மலைநோய் பெரும்பாலும் 2500 மீற்றருக்கு மேலேதான் வருகிறது, சின்னப் பிள்ளைகளுக்கும் வரும், மருந்து கீழே இறங்குவதுதான். 2 வயதுப் பிள்ளைக்கு "தலை இடிக்குது" என்று சொல்லத் தெரியாது என்பதும் நிச்சயம். சிணுங்கும், சாப்பாட்டைத் தட்டிவிடும், விளையாடாது, சத்தி எடுக்கும். இதெல்லாம் பயணக் களைப்பிலும் வரும், பல்லு முளைக்கும்போதும் வரும். அதுதான் சிக்கல். நிச்சயமில்லாதது எது என்றால், ஒன்றிரண்டு மணித்தியாலம் மேலே நின்றுவிட்டு இறங்கும் சுகமான பிள்ளைக்கு உண்மையில் எவ்வளவு ஆபத்து என்பது. மலைநோய் அறிகுறிகள் வர வழக்கமாகச் சில மணித்தியாலம் எடுக்கும் என்பதால், பல குடும்பங்கள் சின்னப் பிள்ளைகளோடு போய் ஒன்றும் நடக்காமல் வந்திருக்கிறார்கள். அண்ணாவும் அப்படி நாலு பேரைக் காட்டுவார். அது பொய்யில்லை. ஆனால் மருத்துவர்களிடையே இதில் ஒரே கருத்து இல்லை, இந்த வயதில் செய்யப்பட்ட ஆய்வுகளும் மிகக் குறைவு. பிரான்ஸ் பக்கம் சாமொனியில் 3842 மீற்றருக்குப் போகும் கேபிள் காரில் 3 வயதுக்குக் குறைந்த பிள்ளைகளை ஏற்றவே மாட்டார்கள். நான் இந்த விஷயத்தில் கடுமையாக இருப்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. 2 வயதுப் பிள்ளைக்கு உச்சியிலிருந்து தெரியும் பனியாறு ஒன்றும் விளங்காது. கையால் அள்ளக்கூடிய பனிதான் அவளுக்குப் பனி. அது 1000 மீற்றரிலேயே கிடக்கிறது. அந்த ரிக்கெற் காசை வேறு எதற்காவது வையுங்கள்.

கிரின்டெல்வால்ட் ஊர் 1034 மீற்றர், வெங்கன் 1274, செர்மாட் 1608. நுவரெலியா 1868 மீற்றர். பிள்ளைகளை நுவரெலியாவுக்குக் கூட்டிக்கொண்டு போயிருந்தீர்கள் என்றால், சுவிஸின் பேர்போன பனி ஊர்கள் பலவற்றைவிட உயரமான இடத்தில் அவர்கள் ஏற்கனவே படுத்து எழும்பியிருக்கிறார்கள். அம்மம்மாவிடம் இதைச் சொல்லிப் பாருங்கள், கொஞ்சம் இறங்கி வருவார். பேர்ணிலிருந்து இன்டர்லாக்கன் போய் மாறி கிரின்டெல்வால்டுக்கு ரயிலில் ஒன்றரை மணித்தியாலம் மட்டில்தான். காலையில் போய்ப் பின்னேரம் வீட்டுக்கு வந்துவிடலாம், மேலே தங்கத் தேவையில்லை. 6 வயதுக்குக் குறைந்த பிள்ளைகளுக்கு ரயிலில் ரிக்கெற்றும் இல்லை. அந்த ஊரில் போட்மி என்று ஒரு சரிவு இருக்கிறது, ஸ்கீ என்கிற பனிச்சறுக்குப் பழகும் பிள்ளைகளுக்கென்றே ஒதுக்கியது. அதன் ஓரத்தில் நின்றாலே போதும். முதல் தடவையாக இன்னும் சின்னதாக ஏதாவது வேண்டும் என்றால் பேர்ணுக்குப் பக்கத்திலேயே குர்ட்டன் மலை இருக்கிறது, ஊர்க்கரையிலிருந்து சின்ன ரயிலில் ஏறலாம். ஆனால் அது 900 மீற்றர்கூட இல்லை, இந்தக் காலத்தில் அங்கே பனி இருக்கும் என்று நம்பிப் போகக்கூடாது. காலையில் அங்குள்ள கமராப் படத்தை ஃபோனில் பார்த்துவிட்டுப் புறப்படுங்கள்.

சரி, குளிர். அம்மம்மா சொல்வதில் பாதி சரி. தடிமனும் சளிக்காய்ச்சலும் வைரஸால் வருபவை, பனிக்காற்று மட்டும் பட்டு வருவதில்லை. குளிர்காற்று பட்ட மூக்கின் எதிர்ப்புச்சக்தி குறைகிறதா என்று ஆராய்ச்சிகள் நடக்கின்றன, அதில் இன்னும் தீர்ந்த முடிவு இல்லை. ஆனால் டிசம்பரிலிருந்து பெப்ரவரி வரை ஐரோப்பாவில் இன்ஃபுளுவென்சாவும் சின்னப் பிள்ளைகளின் நெஞ்சைப் பிடிக்கிற ஆர்எஸ்வி வைரஸும் உச்சத்தில் இருக்கும். அது பிள்ளைக்குத் தொற்றுவது பனிவெளியில் இல்லை. பூட்டிய வீட்டுக்குள், சொந்தக்காரர் எல்லாரும் கூடிப் பிள்ளையை மாறி மாறித் தூக்கிக் கொஞ்சும் இடத்தில்தான். வந்து இறங்கிய முதல் ஞாயிறே முப்பது பேருக்குச் சாப்பாடு வைத்து வரவேற்பது எங்கள் வழக்கம். என்னைக் கேட்டால் பனிமலையைவிட எனக்கு அந்த ஞாயிறுதான் கூடப் பயம். தடிமன் உள்ளவர்கள் பிள்ளையைத் தூக்க வேண்டாம் என்று அண்ணாவை விட்டுச் சொல்லச் சொல்லுங்கள், நீங்கள் சொன்னால் மனக்கசப்பாகும்.

குளிரின் உண்மையான ஆபத்து வேறு. சின்ன உடம்பில் நிறைக்கு ஏற்றபடி பார்த்தால் தோலின் பரப்பு அதிகம், சூடு கெதியாக வெளியேறும். ஓடித் திரியும் 4 வயதுப் பிள்ளை தன் சூட்டைத் தானே உண்டாக்கும். சறுக்குவண்டியில் இருத்தி இழுக்கப்படும், தள்ளுவண்டியில் கட்டிவைக்கப்படும், அப்பாவின் முதுகுப்பையில் தொங்கும் 2 வயதுப் பிள்ளை உண்டாக்காது. இழுக்கிற தகப்பனுக்கு வியர்க்கும், அதனால் பிள்ளைக்கும் சூடு என்று நினைத்துவிடுவார். எங்கள் வார்டுக்கு அப்படி வந்த ஒரு பிள்ளையை என்னால் மறக்க முடியாது. முதுகுப்பையில் கால்கள் தொங்கியபடி நல்ல நித்திரை என்றுதான் தாய் தகப்பன் நினைத்திருக்கிறார்கள். சப்பாத்தைக் கழற்றினால், பெருவிரல் இரண்டும் வெளிறி, தொட்டால் இறுகிப்போய்க் கிடந்தன. அழக்கூட இல்லை, விறைத்த இடம் நோகாது. பிள்ளை தப்பிவிட்டது, விரல்களும் தப்பின. ஆகவே குளிரில் அழுகிற பிள்ளையைவிடச் சத்தமில்லாமல் இருக்கிற பிள்ளையைப் பாருங்கள். இருபது நிமிடத்துக்கு ஒருதரம் உங்கள் கையுறையைக் கழற்றி இரண்டு விரலைப் பிள்ளையின் பிடரிப் பக்கம் உடுப்புக்குள் விடுங்கள். சூடாகவும் உலர்ந்தும் இருந்தால் நல்லது. ஈரமாக இருந்தால் ஒரு உடுப்புக் கூடிவிட்டது, சில்லென்று இருந்தால் உடனே உள்ளே. கையும் மூக்கும் குளிராகத்தான் இருக்கும், அதை வைத்து முடிவுகட்ட வேண்டாம். ஆனால் அவற்றின் நிறத்தைப் பாருங்கள். அங்குள்ள புத்தகங்களில் "தோல் வெள்ளையாகும்" என்று இருக்கும். எங்கள் பிள்ளைகளின் நிறத்தில் அது சாம்பல் பூத்ததுபோலத்தான் தெரியும், கன்னத்திலும் காது நுனியிலும் தேடிப் பார்க்க வேண்டும். அப்படிக் கண்டால் தேய்க்காதீர்கள், ஹீற்றருக்குக் கிட்டவும் பிடிக்காதீர்கள், விறைத்த தோல் வேகுவது பிள்ளைக்குத் தெரியாது. உள்ளே கொண்டுபோய் உங்கள் கமக்கட்டுக்குள் அந்தக் கையை வைத்துக்கொள்ளுங்கள். சூடேறும்போது நோகும், அப்போதுதான் அழும். அது நல்ல அழுகை. சூடேறியும் நிறம் திரும்பவில்லை, கொப்புளம் போடுகிறது என்றால் ஆஸ்பத்திரிதான்.

உடுப்பு விஷயத்தில் கொழும்பில் ஒன்றும் வாங்கிக் காசைக் கரைக்காதீர்கள். விமான நிலையத்திலிருந்து வீடு போய்ச் சேர ஒரு தடித்த சுவெற்றர், தொப்பி, சப்பாத்து போதும். மற்றதை அண்ணாவின் சிநேகிதர் வீடுகளில் கேட்டால் கிடைக்கும். பிள்ளைகள் ஒரு வின்ரரில் வளர்ந்து கழித்த பனி உடுப்பு எல்லா வீட்டிலும் மூட்டையாகக் கிடக்கும், இல்லாவிட்டால் பழைய சாமான் விற்கும் புரொக்கன்ஹவுஸ் கடைகளில் மலிவு. உடம்போடு ஒட்டுவது பருத்தியாக இருக்கக்கூடாது. எங்கள் வெக்கைக்குப் பருத்தியை விட்டால் வேறொன்றும் இல்லை, ஆனால் அங்கே அது வியர்வையைக் குடித்து ஈரமாகவே கிடந்து உடம்பைக் குளிரவைக்கும். உள்ளே கம்பளி அல்லது செயற்கை நூல், அதற்கு மேல் ஃபிலீஸ், வெளியே காற்றும் தண்ணீரும் புகாத உடுப்பு. விரல் பிரிந்த கையுறையைவிட விரல்கள் ஒன்றாகக் கிடக்கும் கையுறை சூடு. இரண்டு சோடி சொக்ஸ் போட்டுச் சப்பாத்துக்குள் இறுக்குவது பிழை, இரத்த ஓட்டம் குறைந்து கால் கூடக் குளிரும். ரயிலுக்குள் ஏறியதும் வெளி உடுப்பைக் கழற்றுங்கள், சோம்பற்படக்கூடாது. காரில் போனால் ஊதிய ஜக்கெற்றோடு பிள்ளையை ஆசனத்தில் கட்டக்கூடாது, பட்டி உடம்போடு இறுகாது. 12 வயது அல்லது 150 சென்ரிமீற்றர் வரும்வரை அங்கே பிள்ளை ஆசனம் சட்டப்படி கட்டாயம், இரண்டு ஆசனம் தேவை என்று அண்ணாவிடம் முன்கூட்டியே சொல்லுங்கள். உங்கள் மகள் வீட்டில் பம்பர்ஸை விட்டிருந்தாலும் அன்றைக்குப் போட்டுவிடுங்கள், மூன்று அடுக்கு உடுப்பைக் கழற்ற முன்னம் எல்லாம் முடிந்துவிடும். ஈரமான பம்பர்ஸும் குளிரும், மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும்.

குளிருக்குப் பிள்ளைகளின் தோலில் எண்ணெய் பூசுவது பற்றியும் கேட்டிருந்தீர்கள். தேங்காய் எண்ணெய் அங்கே போத்தலுக்குள்ளேயே கட்டியாகிவிடும், உள்ளங்கையில் உருக்கித்தான் பூச வேண்டும். பூசலாம், கெடுதி இல்லை. பனிக்காற்றுக்குத் தண்ணீர் சேராத கொழுப்புக் கிறீம் இன்னும் நல்லது, ஃபார்மசியில் கேட்டால் தருவார்கள். அதைவிட முக்கியம் கண். பனி, வெயிலின் புறஊதாக் கதிரில் 80 சதவீதம் வரைக்கும் திருப்பி அடிக்கும், ஒவ்வொரு 1000 மீற்றர் உயரத்துக்கும் அந்தக் கதிர் 10 சதவீதம் மட்டில் கூடவும் செய்யும். "நாங்கள் வெயில்ல வளர்ந்த ஆக்கள்" என்ற கதை இங்கே எடுபடாது. தோலின் நிறம் கண்ணுக்குக் காவல் இல்லை. இருவருக்கும் பக்கம் மூடிய கறுப்புக் கண்ணாடி, பின்னால் பட்டி வைத்தது, கட்டாயம் வேண்டும். முகத்துக்குச் சன்கிறீமும் பூசுங்கள்.

நேரக் கணக்கைப் பலர் யோசிப்பதில்லை. பெப்ரவரியில் சுவிஸ் எங்களைவிட நாலரை மணித்தியாலம் பின்னால். கிளிநொச்சியில் காலை 6 மணிக்கு எழும்பும் பிள்ளை அங்கே இரவு ஒன்றரைக்கு எழும்பி நின்று பால் கேட்கும். அங்கே பிற்பகல் 2 மணி என்பது அவளுடைய உடம்புக்கு மாலை ஆறரை. ஆகவே முதல் நாலைந்து நாள் மலைப்பக்கம் போகவே வேண்டாம், பக்கத்துப் பூங்காவில் குளிரைப் பழகட்டும். பிறகும் காலை 10 மணிக்குப் பனியில் நின்று, 1 மணிக்குத் திரும்பும் ரயிலில் இருப்பதாகத் திட்டம் போடுங்கள். பின்னேரம் வெயில் மலைக்குப் பின்னால் போனதும் குளிர் சட்டென்று இறங்கும், அந்த நேரம்தான் பிள்ளையும் களைத்திருக்கும். ஒருமுறைக்கு அரை மணித்தியாலம் வெளியே, பிறகு உள்ளே போய்ச் சூடாக ஏதாவது, பிறகு திரும்ப வெளியே. ஃபிளாஸ்க்கில் பாலோ கஞ்சியோ கொண்டுபோங்கள், ரயிலில் சாப்பிடலாம், ஒருவரும் ஒன்றும் சொல்லமாட்டார்கள். குளிரில் தாகம் தெரியாது, உலர்ந்த காற்றில் மூக்கும் காயும், அதனால் கேட்காமலே குடிக்கக் கொடுங்கள். பெப்ரவரியில் பள்ளிக்கூடங்களுக்கு ஸ்கீ விடுமுறை கிழமை மாகாணத்துக்கு மாகாணம் மாறி வரும். அந்தக் கிழமைகளில் சனமும் கூட, விலையும் கூட. அண்ணாவுக்கு லீவு கிடைக்குமென்றால் வார நாளில் போங்கள்.

மகன் ஸ்கீ பழகலாமா என்றும் ஒரு வரி கேட்டிருந்தீர்கள். ஸ்கீ பள்ளிகள் பொதுவாக 3 அல்லது 4 வயதிலிருந்து எடுப்பார்கள், ஆகவே வயது சரி. ஆனால் ஒருநாளும் பனியைக் கண்டிராத பிள்ளையை, இறுகிய சப்பாத்துப் போட்டு, ஜேர்மன் பேசும் அந்நியரிடம் முதல் நாளே விடுவதை நான் விரும்பமாட்டேன். இரண்டாவது தடவை போகும்போது பார்க்கலாம். மகளுக்கு வேண்டவே வேண்டாம். மாமா ஆசையில் அவளைக் கையில் தூக்கிக்கொண்டோ முதுகில் கட்டிக்கொண்டோ சறுக்கவும் விடாதீர்கள். அவர் எவ்வளவு கெட்டிக்காரர் என்றாலும் பின்னால் வந்து மோதுகிறவன் கெட்டிக்காரனாக இருக்கமாட்டான். சறுக்குவண்டியும் அப்படித்தான். தட்டையான இடத்தில் கயிற்றில் கட்டி இழுப்பது சந்தோசம். பெரியவர் மடியில் பிள்ளையை வைத்துக்கொண்டு நீண்ட சரிவில் இறங்குவதில்தான் கால் முறிவுகளைக் கண்டிருக்கிறேன், பிள்ளையின் கால் வண்டிக்கும் பனிக்கும் நடுவே மாட்டும். நடக்க ஆசையென்றால் ஊதா கலந்த ரோஸ் நிறப் பலகைகள் நட்டிருக்கும் வின்ரர் நடைபாதையில் நடவுங்கள், அதைவிட்டு விலக வேண்டாம்.

காப்புறுதியைச் சுருக்கமாகச் சொல்கிறேன். சுவிஸுக்குப் போக எடுக்கும் ஷெங்கன் வீசாவுக்குக் குறைந்தது 30,000 யூரோ மருத்துவக் காப்புறுதி எப்படியும் காட்ட வேண்டும். அதில் பனி விளையாட்டு விபத்தும் மலையிலிருந்து மீட்கும் செலவும் சேர்ந்திருக்கிறதா என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள், மலிவான பல பொதிகளில் அது விலக்கப்பட்டிருக்கும். அங்கே அம்புலன்ஸ் 144, ஹெலி மீட்புச் சேவையான ரேகா 1414. இரண்டையும் ஃபோனில் போட்டு வையுங்கள்.

போகிற நாளன்று காய்ச்சலோ, காது குத்தோ, நெஞ்சில் கரகரப்போ இருந்தால் மலையை விட்டுவிடுங்கள். அடைத்த காதோடு கேபிள் காரில் உயர்ந்தால் பிள்ளைக்குத் தாங்கமுடியாத நோவு வரும். சுகமாக இருந்தாலும் ஏறும்போதும் இறங்கும்போதும் பால் போத்தலோ பிஸ்கற்றோ வாயில் இருக்கட்டும், விழுங்க விழுங்கக் காது திறக்கும். விமானத்திலும் இதையே செய்யுங்கள். முட்டுக்குப் பாவிக்கும் பம்ப் இருந்தால் ஸ்பேசரோடு உங்கள் உள்பையில், உடம்புச் சூட்டில் வைத்திருங்கள். குளிர்ந்த பம்ப் சரியாக வேலை செய்யாது. பரசிற்றமோல் பாணியை இங்கிருந்தே, அதனுடைய அளவுக் கரண்டியோடு கொண்டுபோங்கள். அங்கே விற்கும் பாணியின் செறிவு வேறு, இந்தக் கரண்டியால் அந்தப் போத்தலை அளந்தால் அளவு பிழைக்கும். புறப்படுகிற கிழமை கிளினிக்கில் இருவரையும் நிறுத்து, நிறையை ஒரு துண்டில் எழுதிக் கடவுச்சீட்டோடு வைத்துவிடுங்கள். அங்கே எந்த மருத்துவரிடம் போனாலும் முதலில் கேட்பது அதைத்தான்.